மோட்டார் கொட்டகையில் ஒரு டி.வி.

"...குமிழ அமுக்கினா டொக்குனு உள்ள போவுது பாரு, அப்ப இது எங்கூட்டு டி.வி.தான். இல்லன்னு உங்கம்மாவ சத்தியம் பண்ணச் சொல்லு" என்றார் சித்தி, என்னைப் பார்த்து, ஆனால் சற்றுத் தள்ளி நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி.

பென்னலூரில் எங்கள் நிலத்தின் வழியாகப் புதுச் சாலை போகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்று மோட்டார் கொட்டகையை இடிக்க வண்டி வந்து நிற்க, ஒரகடத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணெரிச்சலோடு நான் சாமான்களை வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது, சாக்குக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி. வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. வெள்ளம் புகுந்த வருடத்தில் சித்தப்பாவின் பொருள் எல்லாம் போய்விட்டதால், சித்தி இதை விடுவதாயில்லை.

"மரக்கதவு வெச்சது யாருதுன்னு ஊருக்கே தெரியும்" என்றார் அம்மா, வேப்பமரத்தைப் பார்த்து.

இரண்டு பேர் சொன்னதும் சரி, அதுதான் சிக்கல். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்த எங்கள் வீட்டில், அப்பா ஒரு பொங்கலுக்கும் சித்தப்பா அடுத்த தீபாவளிக்குமாக, ஒரே கம்பெனியின் ஒரே பெயர் போட்ட டி.வி.யைத்தான் வாங்கினார்கள். ஆனாலும் "ஒரே சட்டியில வெந்த இட்லியே ஒரே மாதிரி இருக்காதுடா" என்று அப்பா சொல்வது போல, எங்களுடையதில் இழுத்து மூடும் கதவு அசல் மரம், அவர்களுடையதில் மரம் போல் வர்ணம் பூசிய பிளாஸ்டிக். எங்கள் குமிழைத் திருக வேண்டும், அவர்களுடையதை அமுக்க வேண்டும். ரிப்பேர்க்காரர் முதுகைக் கழற்றினால் எங்களுடையதில் கம்பிகள் இடியாப்பமாகக் கிடக்கும், அவர்களுடையதில் ஒரே பச்சைப் பலகை. "உங்களுது பழசு", "உங்களுது டூப்பு" என்று பிள்ளைகள் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பாகப் பிரிவினையில் பேச்சு நின்று நடுச்சுவர் எழும்பிய பிறகும் இரண்டும் சுவருக்கு இருபுறமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கலர் டி.வி. வந்தபோது, பழையதை இரும்புக்காரரிடம் போட்டாயிற்று என்று இரண்டு வீட்டு ஆண்களும் சொன்னார்கள்.

நான் முதுகைக் கழற்றினேன். மரக்கதவு வைத்த எங்கள் பெட்டிக்குள் அவர்களுடைய பச்சைப் பலகை இருந்தது. குமிழின் ஓட்டை பொருந்தாத இடத்தில் ஒரு தகரத் துண்டு, நான்கு முனையும் கை கிழிக்காதபடி வட்டமாக அரம் போட்டது. கம்பெனியில் பிட்டராக இருந்த சித்தப்பா, வீட்டுக் கதவுக் கொண்டியைக்கூட அப்படித்தான் அரம் போடுவார்.

"சித்தி, பொட்டி எங்களுது, உள்ள இருக்கறது உங்களுது. செவுரு எழுப்புனதுக்கு அப்புறம்தான் ரெண்டு பேரும் சேந்து இத ஒட்டுப் போட்டுருக்காங்க" என்றேன்.

சித்தி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோரம் கவிழ்த்துப் போட்ட இரண்டு பெயின்ட் டப்பாக்கள், உட்கார்ந்து உட்கார்ந்து மேல்புறம் குழிந்திருந்தன.

"தண்ணி பாய்ச்சப் போறேன்னுதான் சொல்லுவாரு" என்றார் அம்மா மெதுவாக.

"எங்கூட்டுக்காரரும் அதான் சொல்லுவாரு. நீ அவுங்கூட்டுப் பக்கம் தலய வெச்சுப் படுத்தன்னா இன்னா நடக்கும் தெரியுமான்னு என்னை மெரட்டிட்டு, இங்க வந்து குந்திக்கினு படம் பாத்துக்கீறாங்க. நாமதான் மூஞ்சியத் திருப்பிக்கினு கெய்வியாயிட்டோம்" என்றார் சித்தி.

டி.வி. கம்பெனியில் நான் வேலை செய்யும் லைனில் ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் மயிரிழை வித்தியாசம் தெரிந்தால் ஒதுக்கி வைத்துவிடுவோம்; வெளியே போவதெல்லாம் ஒரே அச்சு. இது யார் வீட்டுப் பெட்டி என்று அடித்துக்கொள்ள இனி எந்தப் பிள்ளைக்கும் வழியில்லை. நிலம் போயிற்று, மோட்டார் போயிற்று, அண்ணனும் தம்பியும் எந்தப் படத்துக்குச் சிரித்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சித்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டி.வி.யின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "இன்னாக்கா நின்னுக்கினு கீற, அந்தப் பக்கம் புடி" என்றார்.