தேயிலைக்கு ஐந்நூறு, பஸ்ஸுக்கு முந்நூறு

பழைய தேயிலைப் பங்கையும் புதிய பஸ் கம்பெனிப் பங்கையும் கலந்து வாங்கினால் நட்டமே வராது என்று ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதுவும் என் சொந்தப் பணத்தை வைத்தா விளையாடினேன்? அக்காவின் பணம்.

நுவரெலியாவுக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றைக் காம்பரா, ஒரே அறை. எட்டு வருஷம் சீட்டுக் கட்டி, கடைசிச் சீட்டாக எண்ணூறு ரூபாய் எடுத்தாள். வலப்பனைப் பக்கம் ஒரு சிங்களவர் அரை ஏக்கர் காணி விற்கிறார், ஒரு பலாமரமும் ஓரமாய் ஓடையும் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"வேலைக்கு ஆகாதுன்னு பேரு வெட்டிட்டா லயத்த விட்டு எறக்கிருவாங்க தம்பி. அன்னைக்குப் போயி உக்கார எனக்கு ஒரு எடம் வேணும்ல?"

எனக்கு அப்போது மண்டைக்கனம். ரயிலில் நானுஓயாவுக்கு வந்து, பிறகு எங்கள் ஆபீசுக்கு வரும் ஒரு நாள் பழைய பேப்பரில் பங்கு விலைப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். தேயிலை விலை ஏறிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், பங்கு வாங்கி விற்றுப் பழகியவர். "பழசிலை பாதிக்கு மேலை போடும், மிச்சத்தைப் புதுசிலை போடும். ஒண்டு படுத்தால் மற்றது தூக்கிவிடும்" என்பார். அவர் தன் பணத்தைப் போட்டார், அவருக்குச் சரி. நான் அந்தப் பேச்சை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன்.

"காணி எங்கக்கா ஓடிரப் போகுது? ரெண்டு வருசம் பொறு. இதே பணத்துல ஒனக்கு ஒரு ஏக்கரா வாங்கித் தாரேன். பஸ் கம்பெனியில ஒரு பங்கு, நம்ம தோட்டத்துக் கம்பெனியிலயே இன்னொரு பங்கு ஒனக்கு வரும்."

"அப்ப எனக்கு எத்தன செடி வரும் தம்பி?"

நான் சிரித்தேன். "நெறைய வரும்க்கா" என்றேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

தேயிலைக்கு ஐந்நூறு, அட்டன் பாதையில் ஓடிய பஸ் கம்பெனிக்கு முந்நூறு. அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் என் பெயரிலேயே வாங்கினேன். வெளியில் மூச்சுவிடவில்லை. கிளாக்கர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறான் என்று தோட்டத்தை நடத்தும் துரை காதுக்குப் போனால், எங்கே அடித்த பணம் என்றுதான் முதலில் கேட்பார். அக்காவிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவைத்தேன்.

அவள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, செடியைப் பற்றிப் பேசினாள். ஏழாம் நம்பர் மலையில் பாறைக்குப் பக்கத்து நிரை தன்னுடையது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். யாராவது அதில் கிளையை முறித்தால், "பாத்து எடுங்கடி, செடிக்கு வலிக்காதா?" என்று சண்டைக்குப் போவாளாம். பெண்கள் அவளுக்கு மொதலாளியம்மா என்று பட்டம் வைத்தார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

முதல் இரண்டு வருஷம் இரண்டு பக்கமும் லாபம் வந்தது. நான் அதையும் அதே பங்குகளில் திருப்பிப் போட்டேன். ஆசை யாரை விட்டது? பிறகு அரசாங்கம் பஸ்ஸையெல்லாம் எடுத்துக்கொண்டது. நட்டஈடு இன்று வரும் நாளை வரும் என்று இழுத்தடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்தது என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் கரைந்தது. பஸ் கம்பெனி கைவிட்டுப் போனதை அக்காவிடம் சொல்லவில்லை. தேயிலை தூக்கிவிடும் என்று காத்திருந்தேன். அதுவோ விலை இறங்கிப் படுத்துக்கொண்டது.

இனிச் சொல்லப்போவதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சாயந்திரம் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு ஒரு ராத்தல், ஈரத்துக்கு ஒரு ராத்தல் என்று கழிப்பது தோட்டத்து வழக்கம். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். கம்பெனி லாபம் குறைந்த அந்த நாட்களில், மழையே இல்லாத நாளிலும் ஈரத்துக்கு இரண்டு ராத்தல் கழித்து எழுத ஆரம்பித்தேன். கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் இருந்தார். கூலிச் செலவு குறைந்தால் லாபம், லாபம் வந்தால் பங்கு ஏறும், ஏறினால் விற்று அக்காவுக்குக் காணி. இப்படி ஓடியது என் புத்தி. அக்காவின் கூடையிலும் கழித்தேன். அவளுக்கு மட்டும் விட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"வெயில்லதானே எடுத்தோம், ஈரம் எங்கருந்து தம்பி வந்துச்சு?" என்று ஒரு நாள் கேட்டாள். "சட்டம் அப்படிக்கா" என்றேன். தராசடியிலிருந்து நகர்ந்து போய்விட்டாள்.

தைக்குத் தை காணியைப் பற்றிக் கேட்பாள். அடுத்த வருசம் என்பேன். கடைசியில் ரோஷம் வந்து வலப்பனைக்குப் போய் விசாரித்தேன். விலை மூன்று மடங்காகியிருந்தது. அது போதாதென்று, குடியுரிமை இல்லாதவன் காணி வாங்கினால் விலை எவ்வளவோ அவ்வளவு வரியும் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் குடியுரிமை மனுக்கள் தள்ளுபடியாகிப் பல வருஷம். அவள் கேட்ட அன்றைக்கே வாங்கியிருந்தால் எண்ணூறு ரூபாயோடு முடிந்திருக்கும். நாசமாய்ப் போன என் கெட்டிக்காரத்தனம்!

முழங்கால் வீங்கி அக்காவால் மலை ஏற முடியாமல் போனது. பேரை வெட்டினார்கள். மாத முடிவுக்குள் காம்பராவை விட வேண்டும் என்ற நோட்டீஸை டைப் அடித்ததே நான்தான். என் குவாட்டர்ஸில் இடம் இருந்தது. கொழுந்தெடுப்பவள் கிளாக்கர் வீட்டில் வந்து இருப்பதா என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே வெட்கம்தான்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் வெளுத்த சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். துரை புதியவர், தமிழ் பத்துச் சொல் தெரியாது. என்ன கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தார்.

அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "தொரைகிட்ட சொல்லு தம்பி. இந்தக் கம்பெனியில எனக்கும் பங்கு இருக்கு. நானும் ஒரு மொதலாளிதான். என் காம்பராவ எனக்கே விடச் சொல்லு."

வேலை, குவாட்டர்ஸ், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் இங்கிலீஷில் துரையிடம் சொன்னேன்: "இந்தக் கிழவி பத்து நாள் தவணை கேட்டுக் கெஞ்சுகிறாள், ஐயா."

என் அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

துரை தலையாட்டினார். பத்து நாள் பிச்சை போட்டார். "பத்து நாள் குடுத்திருக்காருக்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? பங்குன்னு சொன்னதும் தொரையே மறுபேச்சுப் பேசல. நீ அன்னைக்குச் செஞ்சது நல்லதுதான் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த கொழுந்தன் வீட்டுக்குப் புறப்பட்டாள். அவர்கள் காம்பராவில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ரோட்டுக்குப் போனேன். அரசாங்க பஸ் வந்து நின்றது. அவளை ஏற்றி உட்கார வைத்து, கண்டக்டரிடம் காசை நீட்டினேன்.

அக்கா ஜன்னலோரமாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்: "நாமளுமா தம்பி டிக்கெட் எடுக்கணும்?"