நான் நடத்தாமல் விட்ட பக்கம்

அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்தியபோது, தைராய்டு பற்றிய பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். "இது பரீட்சைக்கு வராது" என்று பொய் சொன்னேன். நடத்தியிருந்தால் வகுப்பு மொத்தமும் எங்கள் கணக்கு ஆசிரியரின் நோயை அடையாளம் கண்டிருக்கும், அவர் வேலை பிழைத்திருக்கும். அது பிழைக்கக் கூடாது என்று நான் விரும்பினேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியர். கணக்கு ஆசிரியர் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். கவராயம் இல்லாமல் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். சாக்பீஸ் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அடுத்த அறையில் தவளையின் நரம்பு மண்டலத்தை வரைந்துகொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். என் மகளும் அந்த வகுப்புதான். காலையில் வாசல் தெளித்ததும் கோலமாவை எடுத்து, புள்ளி வைக்காமல் ஒரே சுழற்றலில் வட்டம் போட்டுப் பார்ப்பாள். "எங்க சார் மாதிரி வரமாட்டேங்குதும்மா" என்று அம்மாவிடம் அலுத்துக்கொள்வாள். நானும் அவளுக்கு சார்தான். நான் வரைந்த எதையும் அவள் வாசலில் வரைந்ததில்லை.

வயிறு எரிகிறது என்கிறோமே, எனக்கு உண்மையாகவே எரிந்தது. மூளை ஒருவனை எதிரி என்று முடிவு செய்ததும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு நரம்புகள் தகவல் கொண்டுபோகின்றன. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது, காட்டில் புலியைப் பார்த்தால் இப்படி ஆகும் என்பேன். எனக்குப் புலி தேவைப்படவில்லை. பக்கத்து அறைக் கைதட்டல் போதும்.

பிறகு ஒரு நாள் அவர் வட்டம் கோணியது. கை நடுங்கியது. கழுத்து புடைத்து, காலர் பட்டனைப் போட முடியவில்லை. கண்கள் வெளியே தள்ளின. சாதுவான மனிதர், சின்னத் தப்புக்கும் டஸ்டரை விட்டெறிந்தார். மதுவிலக்குக் காலம் அது. ஆசிரியர் அறையில் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"மலைச் சரக்கு போலருக்கு. கண்ணப் பாத்தியாய்யா?"

"காலங்காத்தாலயேவா? அம்புட்டுத் தைரியமா மனுசனுக்கு!"

நானும் சேர்ந்து சிரித்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு நோய் இன்னதென்று தெரிந்திருந்தது.

தாளாளர் என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க சயின்ஸ் படிச்சவரு. இது குடிதானா, இல்ல வேற எதும் சீக்கா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? வீட்டுல என்ன செய்றாரோ" என்றேன்.

அந்த வாரம்தான் சுரப்பிகள் பாடம் வந்தது. பக்கத்தைத் தாண்டிப் போனேன். மாதக் கடைசியில் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, சத்தியமா அவுக குடிக்கிறதில்லண்ணே. மார்கழிக் குளுர்ல வேர்த்து ஊத்துது. பானைச் சோத்தத் தின்னுட்டு இன்னும் பசிக்குதுங்குறாக, ஒடம்பு மட்டும் வத்திக்கிட்டே போகுது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"பாக்கலாம்மா" என்றேன். குடும்பத்தோடு அவர்கள் கன்னிவாடிக்கு, அந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பரீட்சை நெருங்கியபோது, விட்டுப்போன பக்கத்தையும் மகள் படித்தாள். எதையும் மிச்சம் வைக்கிறவள் இல்லை அவள். கழுத்து வீங்கும், கை நடுங்கும், கண் பிதுங்கும், எரிச்சல் மிகும் என்று சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, இது எங்க கணக்கு சார்ல?"

நான் கையை நீட்டிப் புத்தகத்தை மூடப் போனேன்.

"தெரிஞ்சுதான் நடத்தலையா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் கன்னிவாடிக்கு பஸ் ஏறினேன். அவரை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முதலில் மாத்திரை, பிறகு கழுத்தில் ஆபரேஷன். கை நடுக்கம் நின்றது. வீடு திரும்பும் நாளில், ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "நான் புள்ளைகள அடிச்சது, வீட்டுல வஞ்சது எல்லாம் இந்தச் சுரப்பி செஞ்ச வேலைன்னு டாக்டர் சொன்னாரு. ஒங்களுக்கு எதுங்க சார் சுரந்துச்சு?"

அட்ரினலின் என்று சொல்லியிருக்கலாம். அது நெஞ்சைப் படபடக்க வைக்கும். தாளாளர் முன்னால் பொய் சொல்ல வைக்காது.

தாளாளரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே! இத அப்பவே சொல்றதுக்கென்ன ஒங்களுக்கு?" என்றார்.

கணக்கு ஆசிரியர் கன்னிவாடியிலேயே டியூஷன் ஆரம்பித்தார். மகள் சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளைச் சேர்த்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பும்வரை பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருப்பேன்.

ஒரு நாள் வரும் வழியில் கேட்டேன். "சார் இப்ப வட்டம் போடுறாராம்மா?"

"போடுறாருப்பா. முன்ன மாதிரியே, ஒரே இழுப்பு" என்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

சந்தோஷப்பட்டேன். அப்போதும் என் வயிறு லேசாக எரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.