நாலு கலரில் வெள்ளைத்தாய்

சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் அய்யாதுரை அண்ணாச்சி, 2006-ல் குற்றாலத்தில் ஒரு பங்களா வாங்கினார். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற பங்களா. விற்ற தென்காசிக்காரர், "முன்கூட்டியே புக் பண்ணுன பார்ட்டிக இருக்காக. அவுகளையும் நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் முகம் சுளித்திருப்பான். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். கையில் ஆர்டரோடு ஒரு கம்பெனி கைமாறினால் சிவகாசியில் அது புதுப்பெண் சீரோடு வருகிற மாதிரி. "ஒரு ஆர்டரையும் கேன்சல் பண்ண மாட்டேன்யா" என்று கையடித்துக் கொடுத்தார்.

அதே உற்சாகத்தில் விருதுநகர் எண்ணெய் வியாபாரி லட்சுமிகாந்தத்திடமும் வாயை விட்டார். அவர் மகன் சூர்யபிரகாஷுக்கு அண்ணாச்சி மகள் சுகிர்தாவைக் கொடுப்பதாகப் பேச்சு. தேதி குறிப்பதுதான் பாக்கி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. ஆறப்போட்டால் பையன் வீட்டுக்கு வேறு ஜாதகம் வந்துவிடும். "நம்ம சொந்த பங்களா கெடக்கு சம்மந்தி. குடும்பத்தோட வாங்க. அருவியில குளிச்சிட்டு அங்கனயே பேசி முடிச்சிருவோம்."

நாள் சொல்லியாயிற்று. பிறகுதான் வாட்ச்மேன் முத்துப்பாண்டிக்குப் போன் போட்டார்.

"அன்னைக்கு ஃபுல்லு அண்ணாச்சி. சிவகாசிப் பார்ட்டி."

கேன்சல் என்ற வார்த்தை அண்ணாச்சி வாயில் வராது. நேரில் போய்க் கெஞ்சிப் பார்ப்பது, ரெண்டு ரூமாவது ஒழித்துத் தரச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தார்.

பிரஸ்ஸிலோ தலைக்கு மேல் வேலை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷ சாம்பிள் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். அதுவரை யாருக்கும் லீவு கிடையாது. சாவுக்கு மட்டும் உண்டு. சொல்லி வைத்த மாதிரி, பைண்டிங் செக்ஷன் குருவம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். மல்லாங்கிணற்றில் மாமியார் வெள்ளைத்தாய் போய்விட்டாளாம். செக்ஷனில் இருந்த அத்தனை பெண்களும் கேதத்துக்குப் போக வேண்டுமாம். அத்தனை பேரும் சொந்தமாம்.

அண்ணாச்சிக்கு மனசு இளகிவிட்டது. "போட்டோ இருக்காத்தா?"

"அதெல்லாம் எதுக்கு மொதலாளி..."

"சும்மா இரு. நம்ம பிரஸ் ஆளு வீட்டுக் கேதம்."

போட்டோவை வாங்கி அன்றைக்கே அடித்தாயிற்று: நாலு கலரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், குத்துவிளக்கு, புறாவோடு. புரூஃப் பார்த்து, "முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்கலே" என்று சொன்னதே அவர்தான். விருதுநகர் வரை ஒட்ட ஆளும் அனுப்பினார்.

மறுநாள்தான் சம்மந்தி வருகிற நாள். அவருக்கு முந்திக் காலையிலேயே குற்றாலத்தில் காரை விட்டு இறங்கினால், பங்களா வாசலில் ஒரு வேன் நிற்கிறது. வராந்தாவில் ஒரு அம்மாள் தலையில் எண்ணெய் வழிய வழிய உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாள். அதே முகம். நேரில் அம்புட்டு வெளுப்பில்லை.

"நீங்க..."

"வெள்ளைத்தாயி. நீக ஆரு, வாட்ச்மேனா?"

பைண்டிங் செக்ஷன் பெண்கள் பின்னால் வர, ஈரத் தலையோடு படியேறி வந்த குருவம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏத்தா, உங்க மாமியா எப்ப எந்திரிச்சாக?"

"சித்திரையிலேயே புக் பண்ணுனது மொதலாளி. பங்களாவ நீங்க வாங்குவீகன்னு ஆரு கண்டா?"

"போஸ்டரு அடிச்சேனேத்தா!"

"நாந்தான் வேணாம் வேணாம்னு சொன்னேனே. அத்தைக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒண்ண மடிச்சுப் பையில வச்சிருக்காக."

அண்ணாச்சி கத்துவதற்காக மூச்சை இழுத்தார். வாசலில் ஹாரன் கேட்டது. சம்மந்தி கார். இழுத்த மூச்சு கெஞ்சலாக வெளியே வந்தது: "குருவம்மா, என் மக கல்யாணம்த்தா. நம்ம வீடுன்னு சொல்லிப்புட்டேன்."

வெள்ளைத்தாய் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். "நம்ம வீடுதான, அதுக்கென்ன? ஏட்டி, மாடி ரூம ஒழிச்சு விடுங்க. அந்தக் கோழியத் தூக்கி அடுப்புல வைங்க."

மத்தியானம் இலை போட்டார்கள். ரெண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிய லட்சுமிகாந்தம், "வேலைக்காரங்களச் சொந்த பங்களாவுக்கே கூட்டியாந்து சீசன் காட்டுறீகளே சம்மந்தி! எந்த மொதலாளி செய்வான்?" என்று உருகினார். அண்ணாச்சி அடக்கத்தோடு இலையைப் பார்த்தார்.

பரிமாறிய வெள்ளைத்தாயை லட்சுமிகாந்தம் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "இந்தம்மாள வார வழியில சுவத்துல பாத்தேனே..."

அண்ணாச்சிக்கு விக்கல் எடுத்தது. குருவம்மாள் தண்ணீர்ச் செம்போடு உறைந்து நின்றாள்.

"பாத்திருப்பீக" என்றாள் வெள்ளைத்தாய், கரண்டியைக் கீழே வைக்காமல். "சாம்பிளு. செத்த பெறகு அடிச்சா நான் எப்படிப் பாக்க? அடுத்த வருசக் காலண்டர இப்பவே அடிக்காகல்ல, அந்த மாதிரிதான்."

லட்சுமிகாந்தம் யோசித்தார். சிவகாசிக்காரர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டதற்கெல்லாம் இது பொருந்தித்தான் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். பாயசம் வருவதற்குள் ஆவணியில் தேதி குறித்தாயிற்று.

கை கழுவுகிற இடத்தில் அண்ணாச்சியின் காதோடு சொன்னார்: "சம்மந்தி, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. முகம் மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும்."