வெங்கடாசலத்தின் வலது கால்

வெங்கடாசலம் எனக்கு இருநூற்று நாற்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். எண்பத்து நாலாம் வருடத்தில் அது சின்னப் பணம் இல்லை. தர மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பிரேக்கு நிக்கட்டும் பாய், அன்னைக்கே எண்ணி வெச்சுட்றேன்" என்பார். பிரேக் நிற்கவில்லை. தகராறே அதுதான்.

என் பெயர் காஜா. இன்று காரிமங்கலத்தில் காஜா ஒர்க்‌ஷாப் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்துகூட வண்டி தேடி வருகிறது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எனக்கு யாரும் கைபிடித்து ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித் தரவில்லை. நானாகப் பார்த்தேன், நானாகக் கழற்றினேன், நானாக மாட்டினேன். என் கதையை எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. இது வெங்கடாசலத்தின் கதை.

அவருக்கு ஊர் காரிமங்கலத்துக்கு மேற்கே. இரண்டு ஏக்கர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். தன் கூட்டையும் அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் கூட்டையும் மூட்டை கட்டி, பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தருமபுரி ஏலத்துக்குக் கொண்டுபோவார். பட்டுக்கூடு காத்திருக்கிற சரக்கு இல்லை. உள்ளே இருக்கிற பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் அந்தக் கூடு செல்லாக்காசு. தொழில் அப்படி, ஆளும் அப்படி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் மோர் வருவதற்குள் இலையை மூடிவிடுவார். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே படிக்கட்டில் நிற்பார். அவரோடு பத்து நிமிடம் பேசினால் நமக்கே நெஞ்சு படபடக்கும்.

முதல் தடவை வந்தபோது, "பின் பிரேக்கு வீக்கா இருக்குது பாய்" என்றார். கழற்றினேன். சக்கரத்து டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற லைனர் தேய்ந்து ஆணி தெரிந்தது. புது லைனர் அடித்து மாட்டிக் கொடுத்தேன். மாதம் முடியவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

"என்னா பாய் வேல பண்ணீங்க? மிதிச்சா வழுக்கிக்கிட்டே போவுது."

டிரம்மில் கையை வைத்தேன். தோசைக்கல். திறந்தால் லைனர் கருகி, கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறது. சூட்டில் கிரீஸ் உருகி லைனர்மேல் வழிந்திருக்கிறது. பெட்ரோலில் கழுவி, டிரம்மை உப்புத்தாளால் தேய்த்து, இன்னொரு லைனர் போட்டேன். பின்சக்கரத்து பிரேக் நட்டு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது என்று நினைத்து அதைத் தளர்த்தியும் விட்டேன். அவர் பத்தடி போய், வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து அதே நட்டை இறுக்கிக்கொண்டு போனார்! நான் தளர்த்துவேன், அவர் இறுக்குவார். மூன்றாவது லைனரும் கருகியது.

அப்போது என் கடைக்கு வயது நாலு மாதம். சந்தை மைதானத்துக்குப் போகிற ரோட்டில் நாலு தகரத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் தருமபுரியில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் கூலிக்கு இருந்தவன். அந்த முதலாளிக்கு என் பெயரே தெரியாது. அவருக்கு நான் 'டேய்'. கடை படுத்தால் மறுபடியும் அந்த 'டேய்'க்குத்தான் போக வேண்டும். இந்த நிலைமையில் வெங்கடாசலம் என்ன செய்தார் தெரியுமா? சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டு, "பாய் போட்ட பிரேக்கு நிக்காது" என்று அறிவித்துவிட்டார்.

ஆட்டு வியாபாரி சென்னப்பன் வேலைக்கு விட்டிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க சென்னப்பா, இன்னும் கையே வெக்கலையே?"

"வெக்காத வரைக்கும் நல்லது பாய். எனக்கு அஞ்சு புள்ளைங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று பகல் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், துடைத்த ஸ்பேனரையே துடைத்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வரவில்லை. இடத்துக்காரர் கடையை எட்டிப் பார்த்துவிட்டு, வாடகைத் தேதியை ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். பணமாவது வரட்டும் என்று வெங்கடாசலத்தின் வூட்டுக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் மாதம்மாள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

"குடு கவுண்டரே என் பணத்த."

"நிக்கட்டும், தர்றேன்."

"மூணு தபா லைனர் போட்டாச்சு. நீ வண்டி ஓட்டறியா, அடுப்பு பத்த வெக்கிறியா?"

"பாரு மாதம்மா, வேலை தெரியலன்னா நம்ம மேல பாயறாரு பாயி."

அவர் வாய் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. கை களியை உருட்டிக்கொண்டிருந்தது. வலது கால் மட்டும் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. கெண்டைக்கால் நரம்பு புடைத்து நிற்கிறது. பாதத்துக்குக் கீழே, சாணி மெழுகிய தரையில், வடைச்சட்டி மாதிரி ஒரு குழி.

நான் பார்ப்பதை மாதம்மாள் பார்த்துவிட்டது.

"நல்லா பாருங்க பாய், இங்கயும் ஒரு பிரேக்கு இருக்குதான்னு! நானும் வாரா வாரம் பூசறேன். வாரா வாரம் குழி."

எனக்குத் தலையில் யாரோ சுத்தியலால் தட்டியது போல இருந்தது. நான் லைனர் போட்டேன், அந்த அம்மா சாணி போட்டது. இரண்டையும் தேய்த்தது ஒரே கால்!

"ஏம்மா, எப்ப இருந்து இப்பிடி?"

"லாரியில கிளீனரா இருந்தாரில்ல, அப்ப இருந்து" என்றது மாதம்மாள். தொப்பூர் இறக்கத்தில் லாரி பிரேக் விட்டுப்போயிருக்கிறது. டிரைவர் மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயது வெங்கடாசலமும் தன் காலுக்குக் கீழே இருந்த பலகையை மிதித்திருக்கிறார். மண்மேட்டில் மோதித்தான் லாரி நின்றது. டிரைவருக்கு உயிர் தப்பியது, ஒரு கால் போய்விட்டது. இவருக்குக் கீறல்கூட இல்லை. "அன்னைக்கு மிதிச்ச காலு பாய். இன்னும் எடுக்கல."

வெங்கடாசலம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "போதும்டி" என்றார். அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி ஓட்டும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடு கவுண்டரே என்று கெஞ்சினேன். முயற்சி பண்ணினார், பாவம். ஒரு பர்லாங் போவதற்குள் கால் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. படித்த இன்ஜினியராக இருந்தால் அதற்குமேல் கையை விரித்திருப்பான். நான் காஜா. அந்தக் காலுக்கு மிதிக்க ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? கொடுத்தால் போயிற்று.

ஒரு இரும்புப் பட்டையை வளைத்து, வலது பக்கம் கால் வைக்கிற கம்பியோடு சேர்த்து வெல்டிங் வைத்தேன். எதோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. யானை மிதித்தாலும் அசையாது. நிஜப் பெடலை உள்பக்கமாக வளைத்து, ஒரு விரல்கடை மேலே தூக்கிவிட்டேன். பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் காலைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டும். நாலாவது லைனர் போட்டேன், நட்டை அளவாக வைத்தேன்.

"இது என்னா கட்டை?"

"இது சும்மாக் கட்டை. உன் பயத்தையெல்லாம் இதுமேல மிதி."

கடை முன்னால் ரோடு சந்தை வரைக்கும் இறக்கம். நானே பின்னால் உட்கார்ந்தேன். அவசரத்தில் கால் பழக்கதோஷத்தில் சும்மாக் கட்டையையே மிதித்தால்? அந்தப் பயத்தை நான் வெளியே காட்டவில்லை. வண்டி இறங்கியது. அவர் கால் கட்டையை அமுக்குகிறது, வண்டியோ வேகமெடுக்கிறது. எதிரே ஒரு அம்மா நாலு ஆட்டை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்தது.

"கவுண்டரே! தூக்கி மிதி!"

தூக்கினார். மிதித்தார். டயர் ரோட்டில் கோடு போட்டது. கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். அந்த அம்மா எங்கள் இருவர் பரம்பரையையும் திட்டிவிட்டுப் போனது. வெங்கடாசலம் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

"ஓட்டு. டிரம்மு சுட்டா பணம் வேணாம்."

அந்த ஒரு மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ரோட்டில் ராஜ்தூத் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன்.

சந்தை நாளில் வந்தார். என்ஜினை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை. நான் நேராகப் போய் டிரம்மில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்காமல் சென்னப்பனைக் கூப்பிட்டேன். அவரும் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குதே" என்றார்.

"கையை நீட்டு பாய்" என்றார் வெங்கடாசலம். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து எண்ண ஆரம்பித்தார். இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வலது கால் சும்மாக் கட்டையை அமுக்கிக்கொண்டிருந்தது. இறக்கம் அல்லவா, வண்டி மெல்ல நகர்ந்தது. விரித்த கையோடு நானும் கூடவே நடந்தேன்.

"கவுண்டரே, வண்டி போவுது."

"எண்றப்ப பேசாத பாய், தப்பிப்போயிடும். நூத்தம்பது, நூத்தறுவது..."

"பாயி, உன் பிரேக்கு நிக்கலியே!" என்று சென்னப்பன் பின்னாலிருந்து கத்தினார்.

"மிதிச்சாத்தான நிக்கும்!" என்று நான் திரும்பாமலே கத்தினேன்.

வெங்கடாசலம் காலைத் தூக்கி நிஜப் பெடலை ஒரு மிதி மிதித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. சந்தைக்காரர்கள் பார்க்க, மிச்ச நோட்டுகளையும் எண்ணி என் கையில் வைத்தார்.