மோகனா விழுங்கிய மாத்திரைகள்

மோகனாவுக்குப் பொய் சொல்ல வராது. இது பாராட்டு இல்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று கிராணியிடமே சொன்னவள் அவள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நான் ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்வெட்டர் எனக்குப் பொருந்தவில்லை என்று, நான் கேட்காமலேயே சொன்னாள்.

அப்படிப்பட்டவளைத்தான் டாக்டர் பொய்க்காரி என்று நினைத்துவிட்டார்.

மோகனாவும் அவள் கணவன் புனிதனும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சண்டை போட்டபடியே நிரை நிரையாக வெட்டிப் போவார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவள் உண்டானபோது, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயமே குதூகலப்பட்டது. மானேஜர் அவளைத் தொழிற்சாலைக்குள் இலகுவான வேலைக்கு மாற்றினார்.

ஐந்தாம் மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை பார்த்தால் இரத்தம் ஏறவில்லை. வேறு நோய் இருக்குமோ என்று எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அப்போதும் அதே கதைதான்.

டாக்டர் இளம் வயது மலாய்ப் பையன், நல்ல பிள்ளைதான். ஆனாலும், தவறாமல் விழுங்குகிறேன் என்று மோகனா சொல்லியும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இப்படி இருக்காது, நீங்கள் தூக்கிப் போடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இந்த நிலையில் பிரசவத்தில் அதிகம் இரத்தம் போனால் உயிருக்கே ஆபத்தாம். அடுத்த பரிசோதனையிலும் ஏறாவிட்டால் மலையை விட்டு இறங்கி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டு அங்கேயே பிள்ளை பெற வேண்டும் என்றார்.

ஈப்போ போவதுகூட மோகனாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன் பேச்சை ஒருவர் நம்பவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. புனிதன் மிரண்டுபோய் என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, அவ என்னைத் திட்டவே மாட்டேங்கிறா லா. பயமா இருக்கு."

அந்த வாரமே கிளினிக் மிஸ்ஸி ரீட்டா வீட்டுக்கு வந்தாள். ரிங்லெட் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த தாதி. நானும் போய் உட்கார்ந்துகொண்டேன், போகாமல் இருப்பேனா? என்னென்ன சாப்பிடுகிறாய் என்று ரீட்டா கேட்க, கீரை, மீன், முட்டை, பயறு என்று மோகனா ஒப்பித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு ரீட்டா குரலைத் தணித்து, மாத்திரை குமட்டுவதால் எப்போதாவது விட்டுவிடுகிறாயா என்றாள்.

மோகனாவின் முகம் சிவந்துவிட்டது. விருட்டென்று எழுந்து மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். எங்கள் கையில் ஆளுக்கொன்றைத் திணித்தாள்.

"நீங்களே பாருங்க மிஸ்ஸி," என்று ஒரு மாத்திரையை வாயில் போட்டு, கடகடவென்று தேநீரைக் குடித்து, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.

ரீட்டா நாக்கைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்தாள்.

"எப்பவும் இதோடதான் முழுங்குவியா?"

"பின்ன? சாப்பிட்டதும் தேத்தண்ணி, அதோட மாத்திரை."

ரீட்டா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று பிறகு விளக்கினாள். தேயிலைத் தோட்டத்தில் தேநீரைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? மோகனாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை, ரீட்டாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் பிள்ளை பெறும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து மாத்திரைக்கு ஆரஞ்சுச் சாறு. தேநீர் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் தள்ளி. லயத்துப் பெண்கள் எல்லோரும் காவலுக்கு நின்றோம். அவள் கோப்பையைத் தொட்டாலே யாராவது கனைப்பார்கள். எங்கள் எல்லோரையும் அவள் திட்டித் தீர்த்தாள். புனிதனுக்கு உயிர் வந்தது.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். இரத்தம் நன்றாக ஏறியிருந்தது. இப்படியே போனால் பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். புனிதன் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். மோகனா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள், நான்தான் நம்பாமல் விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கே விக்கி விக்கி அழுதாள். புனிதன் பதறிக்கொண்டு எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"விடு தம்பி. அழட்டும்."