பென்சில் கோட்டைத் தாண்டிய ஈரம்

இரண்டாம் நாள் காலை, மாடி அறையின் உட்கூரையில் நான் போட்டிருந்த பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் வந்திருந்தது. ஏணி மேல் நின்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். என் கைதான் வேர்த்திருக்கிறதோ என்று துப்பட்டாவில் துடைத்துவிட்டு நான்காவது முறையும் தொட்டேன். ஈரம்தான்.

காஞ்சிபுரத்தில் ரஹீம் பாயின் பட்டு நூல், ஜரிகைக் கடை அது. அவருடைய தாத்தா காலத்துக் கட்டடம். தேக்கு உத்தரம், செங்கல், சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. மாடி அறைதான் குடோன். அது ஒழுகியதால் நூல் மூட்டைகளைக் கீழே கடையிலேயே அடுக்கி, உட்கார இடமில்லாமல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்கு நான் சைட் இன்ஜினியர். மொட்டை மாடித் தளத்தில் நீர் புகாத ஷீட் ஒட்டி முடித்ததும், மழைநீர்க் குழாயை வாயிலிருந்து சற்று உள்ளே அடைத்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கினோம். இதுதான் பாண்டிங் டெஸ்ட். கசிவு இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால் ஷீட்டின் மேல் தட்டு ஓடு பதிப்பார்கள், பாய் நூலை மாடிக்கு ஏற்றுவார்.

ஒரு மூலையில் பழைய ஈரக் கறை இருந்தது. அது காய்கிறதா, வளர்கிறதா என்று தெரிய, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு மணியும் எழுதினேன். என் மகளுக்குக் கால் வீங்கியபோது நர்ஸ் பேனாவால் அப்படித்தான் செய்தார்.

கன்னியப்பன் மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மேடம், கூரைக்கு ஜுரம் பாத்துக்கினு இருக்கீங்க?"

இப்போது கோட்டைக் காட்டியதும், பழைய ஈரம்தான் சுண்ணாம்பில் பரவுகிறது என்றார். அப்படியும் நடக்கும். எங்கள் கம்பெனி முதலாளியோ போனில், மழைக்காலத்துக்குள் தட்டு ஓடு போட்டாக வேண்டும் என்றார். இரண்டு பேர் சேர்ந்து சொன்னாலே என் மேல்தான் தப்போ என்று நினைத்துவிடுகிறவள் நான். ஆனால் கோடு அங்கேயே இருந்தது.

தண்ணீரை வடிக்கச் சொன்னேன். ஈரத்துக்கு நேர் மேலே குழாயின் வாய். அங்கே ஷீட்டை மடித்துக் குழாய்க்குள் ஒரு சாண் இறக்க வேண்டும். கையை விட்டேன். ஷீட் விளிம்போடு நின்றிருந்தது.

செக்லிஸ்ட்டில் அந்த வரிக்கு நேரே என் டிக் இருந்தது. ஷீட் ஒட்டிய அன்று, மகளுக்கு ஜுரம் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. "நாங்க முடிச்சிடுறோம், போங்க" என்ற மேஸ்திரியின் சொல்லுக்கு டிக் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவள், அதை மட்டும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

எதற்காக ஓடினேன் என்பது உட்பட பாயிடம் மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, இன்னும் நாலு நாள் ஆகும் என்றேன்.

"நூலு மேல ஏறினப்புறம் சொல்லியிருந்தா நான் இன்னாம்மா பண்ணியிருப்பேன்? நாலு நாள்தானே, கீழயே குந்திக்கினு ஓட்டிடுறேன். புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குது?"

மேஸ்திரி தானே உட்கார்ந்து ஷீட்டை இறக்கினார். முடித்ததும் நகர்ந்து இடம் விட்டார். "கைய வுட்டுப் பாருங்க மேடம். ரெண்டு தபா பாருங்க."

மறு டெஸ்டில் கறை காய்ந்து கோட்டுக்கு உள்ளே சுருங்கியது.

புதிதாக சைட்டுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: கை வைத்துப் பார்க்காத எதற்கும் டிக் போடாதீர்கள். ஓட வேண்டி வந்தால் ஓடுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓடுங்கள்.

வெள்ளையடித்தபோது பாய் அந்த மூலையை மட்டும் தொடவிடவில்லை. இப்போதும் பெரிய மழை பெய்த மறுநாள் காலை, நான் கேட்பதற்கு முன் அவரே போன் செய்கிறார்.

"கோட்டாண்ட ஒண்ணும் இல்லம்மா. நீ புள்ளைய ஸ்கூலுக்குக் கெளப்பு."