கையில் தருவதாகச் சொன்ன பந்து

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "பேர் போடாத. ஊரும் போடாத. மிச்சத்தை எல்லாம் நீ முதலே எழுதிப்போட்டாய்தானே" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். பத்து வயதில் அப்பா அம்மாவோடு நான் வந்த அதே படகில் வந்தவர். மெல்பேர்ணின் தென்கிழக்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இத்தனை வருடமும் இருக்கிறார். எங்களுக்கு விசா கிடைத்தது. அவருக்கு மறுத்தார்கள், மேன்முறையீட்டிலும் மறுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் தற்காலிக அனுமதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடவும் முடியாது.

இது ஊரில் அவர்களுக்குத் தெரியாது. "பேப்பர் அலுவல் நடக்குது, கெதியில வந்திடும்" என்று சொல்லிவைத்திருந்தார். அவர் வெளிக்கிட்டபோது நாலு வயதாக இருந்த மகள் இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "சோதினை முடியட்டும், நானே சொல்லுறன். இப்ப சொன்னா புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுபோடுவாள்" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் அதைக் காப்பாற்றினோம். மூன்று பேரில் நான்தான் படித்தவன்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா அதையும் என்னிடம்தான் பழகினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இப்போது கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பதின்மூன்று வயதிலிருந்து குடிவரவுத் திணைக்களத்தின் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலை. அக்கம்பக்கத்தில் உள்ள எங்கட ஆட்களும் வருவார்கள். ஆங்கிலத்தில் ஒருவருக்காக மன்றாட எனக்குத் தெரிந்த வடிவம் ஒன்றே ஒன்றுதான், வாக்குமூலம். எப்போது வெளிக்கிட்டார், யாரை விட்டுவிட்டு வந்தார், எத்தனை முறை மறுத்தார்கள். ஒன்றையும் விடக்கூடாது. விட்டால், ஒளிக்கிறார் என்பார்கள்.

பேஸ்போல் எங்கள் வீட்டுக்கு வந்தது அண்ணையின் முதலாளியால். அவர் ஓர் உள்ளூர் அணிக்கு ஆதரவு கொடுப்பவர். கோடை காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு வேலையாட்களுக்கு நுழைவுச் சீட்டுத் தருவார். நகரத்தின் மேற்குப் பக்கம், பெரிய பாலத்தைத் தாண்டி, ஒரு சின்ன மைதானம். கிரிக்கெட்டுக்குப் போகும் கூட்டம் எல்லாம் இங்கே வராது. வருகிற முகங்களே திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் இரண்டு பந்து எறிவதற்குள் அண்ணை எழும்பி நின்றுவிட்டார்.

"டேய் தம்பி, இது எங்கட எல்லேயடா! தடி, பந்து, ஓட்டம், எல்லாம் அதுதான். இவங்கள் தொப்பி போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்."

ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே விளையாட்டில் தடி பிடித்தவராம் அவர். அதன் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை.

அந்த மைதானத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதில் வருகிறவர்களுக்குள்ளேயே ஒத்துவராது. இடது பக்கம் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவைத்து அடிக்கும் கூட்டம். எதிரணியில் பந்தெறிபவன் கையைத் தூக்கினாலே கூச்சலிடுவார்கள். வலது பக்கம் மடியில் தாளும் பென்சிலும் வைத்து ஒவ்வொரு எறியையும் குறிக்கும் வயதானவர்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டிலிருந்து பூப்போட்ட சின்ன இருக்கை மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து அதில்தான் உட்காருவார். ஒருநாள் அவர் எழுந்து, "அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார். வாளி அடிப்பவன், "அமைதி வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போங்கள், அன்பே" என்றான். அவர் அசையவில்லை. "நூலகத்தில் உன்னை ஒருநாளும் கண்டதில்லையே" என்றார். அன்று இரண்டு பக்கமும் சிரித்தது.

அண்ணை வாளிக்காரர் பக்கம்தான். குரல் அப்படி. "எறியடா எறி! மத்தியானம் சோறு தின்னேல்லையே?" என்று தமிழிலேயே கத்துவார். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. அர்த்தத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எதிரணியின் எறி பிசகும்போதெல்லாம் "சோறு! சோறு!" என்று வாளியில் தட்டினார்கள். அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலைத்தலத்தில் ஒருவரும் அவரைத் தொட்டுப் பேசி நான் கண்டதில்லை.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று இருந்தது. கோட்டுக்கு வெளியே சிதறி ஆட்களுக்குள் வந்து விழும் பந்தைப் பெரியவர் ஒருவர் பிடித்தால், பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்து அறிந்துகொண்டேன். அண்ணைக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பந்து வந்ததே இல்லை.

ஆட்டத்துக்கு நடுவே மகளுக்கு வீடியோவில் காட்டுவது அவர் வழக்கம். அங்கே அப்போதுதான் காலை. அன்றும் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார்.

"அப்பா, ஏன் அந்த ஆள் அடிக்காமலே நடந்து போறார்?"

"நாலு தரம் பிழையா எறிஞ்சுபோட்டாங்கள். அப்ப சும்மா போகலாம்."

"நல்ல விளையாட்டுத்தான். சோதினையிலயும் அப்பிடி ஒண்டு வைக்கச் சொல்லுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பந்து வந்தது. வானத்தில் ஏறி, வெயிலில் மறைந்து, எங்களுக்கு மேலே இறங்கியது. கைபேசியை என் மடியில் போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. குனிந்து திரைக்கு முன் பந்தைப் பிடித்தார்.

"பாத்தியே பிள்ளை! இது உனக்குத்தான். வைச்சிருப்பன். நீ இஞ்ச வரேக்க கையில தருவன்."

"சரி அப்பா, துலைச்சுப்போடாதேங்கோ. எனக்கு ரியூசனுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்."

திரை அணைந்தது. அப்போதுதான் பார்த்தேன், இரண்டு இருக்கை தள்ளி ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் கையைவிடப் பெரிய, பந்து பிடிக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றாள். வாளிக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். "பிள்ளைக்குக் குடு! பிள்ளைக்குக் குடு!" அந்த ஆங்கிலக் கூச்சல் பிடிபடாமல் அண்ணை, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துப் பந்தை உயர்த்திக் காட்டினார். ஊளைச் சத்தம் எழுந்தது.

"அண்ணை, பந்தை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கட்டாம். இஞ்ச அதுதான் வழக்கம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"இப்பதானே என்ர பிள்ளைக்குச் சொன்னனான்."

"தெரியும் அண்ணை. ஆனா..."

"என்ர மகளும் பிள்ளைதானே தம்பி."

பந்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். அது உள்ளே போகாமல் பாதி துருத்திக்கொண்டு நின்றது. ஒரு பிளாஸ்டிக் குவளை வந்து எங்கள் காலடியில் விழுந்து பியர் தெறித்தது. மெத்தைப் பெண்மணி எழுந்து, "பிடித்தவருக்குச் சொந்தம். விடுங்கள் மனிதரை" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்த கிழவரே, "விதி இல்லைத்தான், பண்பு என்று ஒன்று இருக்கிறதே" என்று திருப்பிச் சொன்னார். எங்கள் தலைக்கு மேலால் சண்டை போனது. சிறுமி அழத் தொடங்கினாள். பந்துக்காக அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பயந்து. ஆட்டம் முடிய முன்னமே நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

யாரோ எடுத்த வீடியோ அன்று பின்னேரமே அணி ரசிகர்களின் முகநூல் பக்கத்தில் இருந்தது. திங்கட்கிழமை இரண்டு கோடைகால வகுப்புகளுக்கு இடையில் நூலகத்தில் இருந்து வாசித்தேன். ஒரு பாதி, குழந்தையிடம் பறித்தவன் என்றது. இன்னொரு பாதி, வளர்ந்தவர்கள் கூடி ஒருவரை ஊளையிட்டு விரட்டியதுதான் அசிங்கம் என்றது. நடுவில் ஒருவன், "எங்கிருந்து வந்தானோ அங்கேயே அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தான். அவனுக்கு அது வாயில் வந்த ஒரு சொல். உண்மையாகவே அனுப்பப்படக்கூடிய ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவனுக்கு அது அப்படி இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன், வாக்குமூலமாக. படகு, விட்டுவந்த மகளின் வயது, அவளுக்காக வைத்த பந்து, மறுப்பு, மேன்முறையீடு, அதன் மறுப்பு. ஒன்றையும் விடவில்லை. அண்ணையிடம் கேட்கவும் இல்லை. கடிதம் எழுதும்போது நான் ஒருவரையும் கேட்பதில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டுவேன். இதற்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை. அதே முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

அது வேலை செய்தது. நான் எழுதிய எந்தக் கடிதமும் அப்படி வேலை செய்ததில்லை. குவளை எறிந்தவனே மன்னிப்புக் கேட்டு எழுதினான். அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் முதல் பந்தை மரியாதைக்காக அண்ணை வந்து எறிய வேண்டும் என்று அணியின் நிர்வாகத்திலிருந்து செய்தி வந்தது. அன்று முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் என்பதை ஒளிக்கக்கூடாது.

சிட்னியில், ஹோம்புஷ் பக்கம் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் அதைத் தமிழில் ஆக்கி, வீடியோவையும் சேர்த்துப் பகிர்ந்திருந்தார். அவரும் நல்லதை நினைத்துத்தான் செய்தார். இரண்டு நாளில் அது ஊரில் ஒரு ரியூசன் வகுப்பில், அண்ணையின் மகளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கைபேசிக்குப் போய்விட்டது.

புதன்கிழமை அண்ணை வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசி அடித்தது, மகள். கிழமை நாளில் அவள் எடுப்பதில்லை. அவர் பதறி, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"என்ன பிள்ளை, அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையே?"

"அம்மா நல்லா இருக்கிறா. ஒண்டு வாசிக்கிறன், கேளுங்கோ." பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிப்பதைப் போல வாசித்தாள். "'இவருடைய மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. தன் மகளை இந்த நாட்டுக்கு அழைக்க இவருக்குச் சட்டத்தில் எந்த வழியும் இல்லை.' இது நீங்களோ அப்பா?"

அண்ணை என்னைப் பார்த்தார். அது என் வசனம். இன்னொருவரின் தமிழில் கேட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"பிள்ளை, அது வந்து..."

"எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அங்க பந்து பாக்க வாற சனம் முழுக்கத் தெரிஞ்சிருக்கு."

வைத்துவிட்டாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நீ எழுதினது பொய்யெண்டு அவளுக்கு எழுது தம்பி. நீ நல்லா எழுதுவாய்தானே."

எழுதினேன். சனத்தின் இரக்கத்துக்காக நான்தான் கூட்டி எழுதினேன், அலுவல் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று. மூன்று தரம் திருத்தினேன். அடுத்த நாள் பதில் வந்தது.

"அண்ணா, உங்கட இங்கிலிஷ் எழுத்தை டிக்சனறி வைச்சு முழுக்க வாசிச்சனான். நல்லா எழுதியிருந்தீங்கள். இதை நல்லா எழுதேல்லை. பந்தை அந்தப் பிள்ளைக்கே குடுக்கச் சொல்லுங்கோ."

அண்ணை அதை வாசித்தார். அலுமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த பந்தை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

ஞாயிறு நான் மட்டும் போனேன். அவருக்குக் காய்ச்சல் என்று நிர்வாகியிடம் சொன்னேன். சிறுமி தகப்பனோடு வந்திருந்தாள். நான் பந்தை நீட்டியதும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. வாளிக்காரர்கள் "சோறு! சோறு!" என்று அடித்தார்கள். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். மெத்தைப் பெண்மணி மட்டும் எழும்பவில்லை.

"அவர் எங்கே?" என்று கேட்டார்.

"வரவில்லை."

"அவரா கொடுக்கச் சொன்னார்?"

"இல்லை. அவருடைய மகள்."

அவர் மடியிலிருந்த தாளுக்குத் திரும்பினார். சிறுமி தன் பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு பந்துகள் இருந்தன. வீடியோவைப் பார்த்துவிட்டு அணிக்காரர் அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்களாம், எல்லோருடைய கையெழுத்தோடும். மூன்றாவதை அவற்றோடு போட்டுப் பையை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை கேட்டார். "குடுத்திட்டியே?"

"ஓம் அண்ணை."

"பிள்ளை சந்தோசப்பட்டதே?"

"ஓம். நல்லா."

அதன் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. முதலாளி தரும் சீட்டுகள் குளிர்ப்பெட்டியில் காந்தத்தின் கீழ் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு அழைப்பை எடுக்கிறார். இப்போது மனைவிதான் கதைக்கிறார். மகள் எங்கே என்று அண்ணை ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பின்னால் ஓர் அறைக்கதவு மூடியிருப்பது திரையில் எனக்கும் தெரியும்.

"படிக்கிறாள்" என்கிறார் மனைவி.

அழைப்பு முடிந்ததும் அண்ணை என் பக்கம் திரும்பி, "படிக்கிறாளாம்" என்கிறார்.

"நல்லது அண்ணை" என்கிறேன்.